தம்பி எந்த ஜெயிலில் இருக்கிறான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓசூர் ரோட்டில் பிடித்திருக்கிறார்கள்

பாலக்கோட்டு அக்கா (புதன், இரவு 8.50)

எல்லாருக்கும் வணக்கங்க. எனக்கு பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். என் தம்பிக்கு 29 வயசு. லோன் போட்டு ஒரு டெம்போ ஓட்டறான். ராயக்கோட்டையில தக்காளி ஏத்திக்கிட்டு ஓசூர் போவான், சில நாள் பெங்களூர் வரைக்கும் போவான். ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்தே காலுக்கு என்கிட்ட பேசினான். "ஓசூர் கிட்ட வந்துட்டேன்கா, இங்க ஒரு சின்னத் தகராறு, அப்புறம் கூப்பிடறேன்"னு சொன்னான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் போன் எடுக்கவே இல்ல.

திங்கக்கிழமை மத்தியானம் அவன்கூட லோடு ஏத்தற பையன் ஒருத்தன் வந்து சொன்னான். டீக்கடை வாசல்ல வண்டிய ரிவர்ஸ் எடுக்கறதுல இன்னொரு டிரைவர்கூட வாய்த்தகராறு ஆகி, கைகலப்பாகி, போலீஸ் வந்து ரெண்டு பேரையும் ஜீப்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களாம். எந்த ஸ்டேஷன்னு அவனுக்குத் தெரியல.

செவ்வாக்கிழமை நானும் சித்தப்பாவும் போனோம். டெம்போ ரோட்டோரமா நின்னுட்டிருந்துச்சு. தக்காளி எல்லாம் அழுகி, பின்பக்கம் இருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு. வண்டிக்குள்ள ஸ்டியரிங் முன்னாடி அவன் மூக்குக் கண்ணாடி இருந்துச்சு. இடது காது பக்கம் ஒடிஞ்சு போய், அவனே தாமிரக் கம்பி சுத்தி வச்சிருந்த கண்ணாடி. அது இல்லாம அவனுக்கு கிட்டத்துல இருக்கற எழுத்தே தெரியாதுங்க. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்துச்சு.

மூணு ஸ்டேஷன் ஏறி இறங்கினேன். பேர் போட விரும்பல. ரெண்டு இடத்துல "இங்க இல்லம்மா"ன்னாங்க. ஒரு இடத்துல "எழுத்தர் வெளிய போயிருக்கார், அப்புறம் வாங்க"ன்னாங்க. வெளிய நின்ன ஒருத்தர் அஞ்சாயிரம் குடுத்தா எந்த ஜெயில்னு பார்த்துச் சொல்றேன்னார். கூகுள்ல ஜெயில்ல இருக்கறவங்க பட்டியல்னு தேடினா என்னென்னவோ அமெரிக்கா பக்கம் எல்லாம் வருது, ஒண்ணு கார்டு நம்பர் கேக்குது.

நம்ம ஊர் ஜெயில்ல யார் யார் இருக்காங்கன்னு பொதுஜனம் பார்க்கற மாதிரி பட்டியல் எங்கயாவது இருக்குங்களா? அம்மா ரெண்டு நாளா சாப்பிடல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஊத்தங்கரைக்காரன் (புதன், இரவு 9.15)

தைரியமா இருங்க. எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கம் ரிமாண்ட் ஆனா, அதாவது காவல்ல வைக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்டா, சேலம் மத்திய சிறைதான். காலையில முதல் பஸ்ல சேலம் போய் வாசல்ல கேளுங்க.

பழைய குமாஸ்தா (புதன், இரவு 10.05)

சேலத்துக்கு நாளைக்கே பஸ் ஏற வேண்டாம்மா. கொஞ்சம் பொறுமையாப் படிங்க. நான் கிருஷ்ணகிரி கோர்ட்டில் 27 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். இந்தக் கேள்வியோடு மரத்தடியில் வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. உங்க தம்பியைப் பிடித்தது ஞாயிறு ராத்திரி. கைது செய்த ஆளை 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னால் நிறுத்தியே ஆகணும். பயண நேரம் மட்டும்தான் கழிவு. அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவே அதைச் சொல்கிறது, கிரிமினல் வழக்கு நடைமுறைக்கான புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 58-வது பிரிவு. அப்படியென்றால் திங்கள் ராத்திரிக்குள் அவர் நடுவரைப் பார்த்திருக்கணும். ஒன்று ஜாமீனில் வெளியே வந்திருப்பார், அப்படி வந்திருந்தால் இந்நேரம் வீட்டுக்குப் பேசியிருப்பார். இல்லையென்றால் ரிமாண்ட் ஆகி ஏதோ ஒரு சிறையில் இருக்கிறார். எப்படிப் பார்த்தாலும் நீங்கள் செவ்வாய்க்கிழமை ஸ்டேஷன் வாசலில் நின்றபோது அவர் ஸ்டேஷனில் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. "இங்க இல்ல" என்று அவர்கள் சொன்னது அந்த நிமிஷத்துக்கு உண்மையாகவே இருந்திருக்கலாம். நீங்கள் கேட்டது "தம்பி இங்க இருக்கானா?" என்று. கேட்க வேண்டியது "ஞாயிறு ராத்திரி அடிதடி கேஸில் இவரை ரிமாண்ட் பண்ணீங்களா, குற்ற எண் என்ன?"

ஆளைத் தேடாதீங்கம்மா, குற்ற எண்ணைத் தேடுங்க. கேஸ் பதியும்போது முதல் தகவல் அறிக்கைக்கு (எப்.ஐ.ஆர்.) ஸ்டேஷனில் போடுகிற எண் அது. எண் கிடைத்துவிட்டால் ஆள் கிடைத்த மாதிரி. ஸ்டேஷன், கோர்ட், சிறை, ஆஸ்பத்திரி, எல்லா இடத்திலும் உங்க தம்பியின் பேருக்குப் பக்கத்தில் அந்த எண்தான் எழுதியிருக்கும்.

இதை நான் சட்டப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1991-இல் என் அண்ணனை ஒரு நிலத் தகராறில் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்க அம்மா நாலு நாள், காலையில் களி கிண்டி, கீரைக் குழம்போடு தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு நடந்தே ஸ்டேஷனுக்குப் போவாங்க. நான் கூடப் போவேன். வாசலில் புளியமரம். அதன் அடியில் சாயந்திரம் வரை உட்கார்ந்திருப்போம். களி கெட்டியாகி மேலே தோல் மாதிரி ஆகிவிடும். அப்படியே திரும்ப எடுத்து வருவோம். ஐந்தாம் நாள்தான் தெரிந்தது, அண்ணன் முதல் நாள் ராத்திரியே வேறு ஊர் கிளைச் சிறைக்குப் போயிட்டார் என்று. நாலு நாள் நாங்கள் ஆள் இல்லாத கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் நான் கோர்ட் வேலைக்கே வந்தேன்.

அப்போது கேட்க நாதியில்லை. 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கைதுக் குறிப்பாணை எழுதணும், சாட்சி கையெழுத்து வேணும், கைதானவரின் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லணும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் பலகையில் எழுதி வைக்கணும் என்று வரிசையாகச் சொன்னது. அதெல்லாம் இப்போது சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. பி.என்.எஸ்.எஸ். 2024 ஜூலை 1-இல் இருந்து நடப்பில் இருக்கிறது. அதில் 37-வது பிரிவைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும், மாவட்டத் தலைமையிடத்திலும், உதவி ஆய்வாளருக்கு அடுத்த கீழ் நிலையான ஏ.எஸ்.ஐ.க்குக் குறையாத ஒருவர், கைதானவர்களின் பேர், விலாசம், என்ன குற்றம் என்ற விவரத்தை வைத்திருக்கணும், அதை எல்லாரும் பார்க்கும்படி வைக்கணும். 48-வது பிரிவுப்படி வீட்டுக்குத் தகவல் சொல்லணும், யாருக்குச் சொன்னோம் என்று ஸ்டேஷனில் ஒரு புத்தகத்தில் எழுதணும். நாளைக்கு நீங்கள் கேட்கும்போது இந்தப் புத்தகத்தைக் கேளுங்கள். "யாருக்குத் தகவல் சொன்னீங்க, எந்த நம்பருக்கு?" என்று கேட்டாலே பேச்சு மாறும்.

நீங்கள் கேட்ட ஆன்லைன் விஷயம். நாடு முழுக்கச் சிறைகளுக்கு இ-பிரிசன்ஸ் என்று ஒரு கணினி முறை இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை விரித்துப் பார்க்கிற மாதிரி பொதுமக்களுக்கு அது திறந்து வைத்ததில்லை. அதில் இ-முலாக்காத் என்று சந்திப்புக்குப் பதிவு செய்யும் பக்கம் உண்டு, அதிலும் எந்தச் சிறை என்று நீங்கள்தான் முதலில் சொல்லணும். உங்களுக்கு இன்றைக்குத் தெரியாததே அதுதான்.

எப்.ஐ.ஆர். கிடைக்கும். 2016-இல் உச்ச நீதிமன்றம் எப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்றச் சொன்னது. வசதி குறைந்த இடங்களுக்கு 72 மணி நேரம் வரை அவகாசம். பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற வழக்குகள் மட்டும் ஏறாது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் பார்க்கலாம். நீங்கள் போன மூன்று ஸ்டேஷன்களுக்கும் போட்டுப் பாருங்கள்.

கோர்ட் வழக்கு விவரம் பார்க்கும் இ-கோர்ட்ஸ் பக்கத்திலும் ஆப்பிலும் பேரை வைத்தோ எப்.ஐ.ஆர். எண்ணை வைத்தோ தேடலாம். ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை பெரும்பாலும் பேர் வராது, ஜாமீன் மனு போட்டால் அந்த மனு வரும். பேர் தேடும்போது ஒரு தொல்லை. ஆங்கிலத்தில்தான் இருக்கும். நம்ம பக்கத்தில் மாதையன் என்றால் ஒருத்தர் Madaiyan என்று எழுதுவார், ஒருத்தர் Madhaiyan, இன்னொருத்தர் Mathaiyan என்று எழுதுவார். ஒரே ஆளின் பேரை மூன்று காகிதத்தில் மூன்று விதமாகப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு விதமாகவும் முதல் சில எழுத்து மட்டும் போட்டுத் தேடி, அப்பா பேரை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். பிடித்தது ஞாயிறு. லீவு நாளில் எல்லா நடுவர்களும் இருக்க மாட்டார்கள், பொறுப்பு நடுவர் ஒருவரிடம் கொண்டுபோவார்கள், வீட்டிலேயே ரிமாண்ட் செய்வதும் உண்டு. அதனால் ஓசூர் கேஸ் என்றால் ஓசூர் கோர்ட்டில் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். காகிதம் வேறு கோர்ட்டில் இருந்து வந்துகொண்டிருக்கலாம். ஓசூர் எல்லை என்பதால், எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் நடந்ததா என்பதையும் அந்த லோடு பையனிடம் சரியாக விசாரியுங்கள். அந்தப் பக்கம் என்றால் கர்நாடகப் போலீஸ், ஆனேக்கல் கோர்ட், பரப்பன அக்ரகாரா சிறை, எல்லாமே மாறிவிடும்.

அந்த அஞ்சாயிரத்தைக் கொடுக்காதீங்க. ஒரு ரூபாயும் கொடுக்காதீங்க. காலையில் நேராகக் கிருஷ்ணகிரி கோர்ட் வளாகத்தில், இலவசச் சட்ட உதவி செய்யும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் போங்க.

அரூர் தன்னார்வலர் (புதன், இரவு 10.40)

அய்யா சொன்னதுதான் சரியான வழி. நான் தர்மபுரி ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலரா இருக்கேன். அக்கா, 15100-க்கு இப்பவே கூப்பிடுங்க, அது இலவசச் சட்ட உதவி எண். காவலில் இருக்கறவருக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவச வக்கீல் கொடுக்கணும்னு 1987 சட்டத்தின் 12-வது பிரிவு சொல்லுது. பெண்களுக்கும் அப்படியே, அதனால நீங்களே உங்க பேர்ல கேட்கலாம். எங்க ஆளுங்க சிறைக்குள்ள அடிக்கடி போறவங்க, ரிமாண்ட் விவரம் கேட்டு வாங்கறது எங்களுக்குப் பழக்கம்.

போகும்போது தம்பி போட்டோ, ஆதார் நகல், அப்பா பேர், டெம்போ நம்பர் எடுத்துட்டுப் போங்க. வண்டி நம்பர் ரொம்ப உதவும்.

மத்தவங்களுக்காகவும் ஒண்ணு சொல்றேன். பெண்ணா இருந்தா இந்தப் பக்கத்துல இருந்து சேலம் பெண்கள் சிறையில கேளுங்க. 18 வயசு ஆகாத பையன்னா சிறையே கிடையாது, இளைஞர் நீதிக் குழுமம், கூர்நோக்கு இல்லம். அந்தப் பேர் எந்த இணையத்திலும் வரக்கூடாதுன்னு சட்டம், அதனால தேடி நேரத்தை வீணாக்காதீங்க.

காவேரிப்பட்டணம், இப்போது டெக்சாஸ் (வியாழன், காலை 6.20)

அக்கா கூகுளில் பார்த்த அமெரிக்கப் பக்கங்களைப் பற்றி. இங்கே பெரும்பாலும் ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம்ம மாவட்டம் மாதிரி) ஒரு ஜெயில், அதை அந்தக் கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரிப் நடத்துவார். பெரும்பாலான ஷெரிப் அலுவலகப் பக்கத்தில் இன்றைக்கு உள்ளே யார் யார் என்று பேர், போட்டோ, குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை வரை இருக்கும். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மத்திய அரசுச் சிறைகளுக்குத் தனித் தேடல், 1982-இல் இருந்து இருந்தவர்கள் அதில் வருவார்கள். கென்டக்கியில் 1993-இல் ஒரு பெண்ணை, அவளைத் தாக்கியதற்காக உள்ளே இருந்த பழைய காதலன், வெளியே வந்தது அவளுக்கே தெரியாத நிலையில் கொன்றுவிட்டான். அடுத்த வருஷமே, இன்ன கைதி வெளியே வருகிறான் என்று பாதிக்கப்பட்டவருக்குப் போன் போட்டுச் சொல்லும் ஏற்பாடு அங்கே தொடங்கி, பல மாநிலங்களுக்குப் பரவியது. பட்டியல் திறந்திருப்பதில் அந்த நன்மை இருக்கிறது.

கார்டு நம்பர் கேட்பவை தனியார் பக்கங்கள். அரசு இலவசமாகக் கொடுப்பதையே எடுத்து விற்பவை. நம்ம ஊர் ஆள் அதில் வரவே மாட்டார். மூடிவிடுங்கள்.

மத்தூர் வாசகி (வியாழன், காலை 8.10)

அப்படி நம்ம ஊர்லயும் எல்லாப் பேரையும் போட்டோவோட போட்டுட்டா இந்த அக்கா மாதிரி யாரும் அலைய வேண்டாமே. ஏன் செய்ய மாட்டேங்கறாங்க?

பழைய குமாஸ்தா (வியாழன், காலை 8.55)

உங்க ஆதங்கம் புரியுதும்மா. ஆனால் எனக்கு அதில் சம்மதமில்லை. 2022 கடைசியில் நாட்டுச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்தது. அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலு பேரில் மூணு பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. எங்க அண்ணனை இரண்டரை வருஷம் கழித்துக் கோர்ட் விடுதலை செய்தது. அதற்குள் அவருக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் போய்விட்டது. பொண்ணு வீட்டுக்காரர் வாய்வழியாகக் கேள்விப்பட்டே அப்படி. போட்டோ போனில் சுற்றியிருந்தால்?

வீட்டாருக்குத் தெரியணும். அன்றைக்கே தெரியணும். அதற்கு 37-வது பிரிவுப் பலகையை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒழுங்காக எழுதி வைத்தாலே போதும். வீட்டார் பேரையும் அப்பா பேரையும் கொடுத்தால் சிறையின் பேரை மட்டும் சொல்லுகிற ஒரு போன் நம்பர் இருந்தால் இன்னும் நல்லது. ஊர் முழுக்க முகத்தைக் காட்டத் தேவையில்லை.

பாலக்கோட்டு அக்கா (வியாழன், மாலை 6.30)

தம்பி கிடைச்சுட்டாங்க. உயிரோட நல்லா இருக்கான்.

காலையில கிருஷ்ணகிரி ஆணைக்குழு ஆபீஸ் போனோம். ஒரு அம்மா உட்கார வச்சு எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க. டெம்போ நம்பரைச் சொன்னதும் ரெண்டு மூணு இடத்துக்குப் போன் போட்டாங்க. அரை மணி நேரம்கூட ஆகல. குற்ற எண் கிடைச்சுது. நான் போகாத ஒரு ஸ்டேஷன்ங்க. திங்கக்கிழமை சாயந்திரம் ரிமாண்ட் ஆகி கிருஷ்ணகிரி கிளைச் சிறையில இருக்கான். அந்த இன்னொரு டிரைவரும் அங்கதான்.

அய்யா சொன்ன மாதிரி யாருக்குத் தகவல் சொன்னீங்கன்னு கேட்டோம். புத்தகத்துல ஒரு நம்பர் எழுதியிருந்துச்சு. அது என்னோட பழைய நம்பர். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே அந்த சிம்மை விட்டுட்டேன். அவன் போன்ல சார்ஜ் போயிடுச்சு, கண்ணாடியும் இல்ல, மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே நம்பரைச் சொல்லியிருக்கான். அந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்துட்டு, யாரும் எடுக்கலைன்னு விட்டுட்டாங்க. அதுக்கு மேல யாரும் மெனக்கெடல.

நாளைக்கு மனு போட்டுப் பார்க்கலாம்னு சொன்னாங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்தக் கண்ணாடியை உள்ள கொடுக்க விடுவாங்களா?

பழைய குமாஸ்தா (வியாழன், இரவு 7.00)

ரொம்ப சந்தோஷம்மா. வயித்துல பால் வார்த்தீங்க. அம்மாவுக்கு முதலில் ஒரு வாய் சாப்பாடு கொடுங்க.

கண்ணாடியை நீங்களா நேரில் கையில் கொடுக்க முடியாது. வாசலில் காவலரிடம் சொல்லி, பார்வைக் குறை, இது இல்லாமல் படிக்க முடியாது என்று கேளுங்க. சோதித்துவிட்டுக் கொடுப்பார்கள். கண் டாக்டர் சீட்டு வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்க. அந்தத் தாமிரக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு, கடையில் புதுக் கால் மாட்டிக் கொண்டுபோவது நல்லது. கம்பி என்றால் தயங்குவார்கள். உங்க ஆதார் அசலை மறக்காதீங்க.

வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கிற வக்காலத்தில் தம்பி கையெழுத்துப் போடணும், சிறை அதிகாரி அதில் சான்றொப்பம் போடுவார். படித்துப் பார்த்துப் போடச் சொல்லுங்க.

பாலக்கோட்டு அக்கா (வெள்ளி, மதியம் 3.20)

பார்த்துட்டு வந்தேன். கிருஷ்ணகிரியிலயே ஒரு கடையில அறுபது ரூபாய்க்குப் புதுக் கால் மாட்டினேன். வாசல்ல வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு உள்ள கொடுத்து அனுப்பினாங்க. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் வந்து நின்னப்ப கண்ணாடி போட்டிருந்தான். ஞாயித்துக்கிழமையில இருந்து எங்க எங்க கையெழுத்துப் போட்டேன்னே தெரியலக்கா, எல்லாம் மங்கலா இருந்துச்சுன்னான். வக்கீல் கொண்டுவந்த வக்காலத்தை ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டானாம்.

என்னைப் பார்த்து முதல்ல கேட்டது "தக்காளி என்னாச்சுக்கா?"

திங்கக்கிழமை ஜாமீன் மனு போடறாங்க. அரூர் தங்கச்சிக்கும் அய்யாவுக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

பழைய குமாஸ்தா (வெள்ளி, மாலை 5.45)

நன்றி எல்லாம் வேண்டாம்மா. ஒன்று மட்டும் செய்யுங்க. ரிமாண்ட் ஒரு தடவைக்கு 15 நாளுக்கு மேல் போட முடியாது. அந்தத் தேதி என்றைக்கு முடிகிறது என்று கேட்டு எழுதி வையுங்க. ஜாமீன் தள்ளிப்போனால் அன்றைக்கு நீட்டிப்புக்கு எடுப்பார்கள், பெரும்பாலும் காணொலியில். அன்றைக்கு வக்கீல் இருக்கிறாரா என்று நீங்களே போன் போட்டுக் கேளுங்க.

பாலக்கோட்டு அக்கா (வெள்ளி, மாலை 6.10)

கேட்டு எழுதிட்டேங்க அய்யா. தம்பியோட மண்டிக் கணக்கு நோட்டுல, கடைசிப் பக்கத்துல, குற்ற எண்ணுக்குக் கீழ எழுதி வச்சிருக்கேன்.